மொய்ப் பட்டியலுக்கு எக்செல் பவர் குவெரி

ஆடி, ஆவணி வந்தால் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் மொய் விருந்து களைகட்டும். பலர் கூடிப் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மொய்க் கணக்கு மட்டும் அவரவருக்குத் தனி. நோட்டுப் புத்தகம் இருந்த இடத்தில் இன்று பல பந்தல்களில் கூலிக்கு வரும் கணினிக்காரர்கள் உட்கார்ந்து ரசீது அடிக்கிறார்கள். அவர்கள் தரும் கோப்பு ஒருவருக்கொருவர் மாறுபடும். ஒருவர் ஊரைத் தனிப் பத்தியில் வைப்பார், இன்னொருவர் பெயரோடு ஒட்டிவிடுவார். வாங்கிய மொய்யைச் செய்தவர் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை கணக்கு சிதறாமல் இருக்க, கோப்பை உள்ளே இழுக்கும் வழிமுறையை ஒருமுறை அமைத்துச் சேமித்துவிடுவதே சரி. எக்செல் 2016 முதல் உடன் வரும் பவர் குவெரி இதற்குப் போதும்.

சிஎஸ்வி கோப்பை நேரடியாக இரண்டு முறை தட்டித் திறந்தால் நம் நாட்டுத் தேதி அமைப்பில் கதவு எண் 3/12 டிசம்பர் 3 ஆகிவிடும்; 91 சேர்த்து எழுதிய செல்பேசி எண் சுருங்கிப்போய்ப் புள்ளி வைத்த எண்ணாகத் தெரியும்; தமிழ் எழுத்தே குலைந்தும் போகலாம். பவர் குவெரியில் எழுத்துமுறையை 65001 யூனிகோட் என்றும், எண் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்றும் குறித்துவிட்டால் அதே அமைப்பில் வரும் அடுத்த கோப்புக்கு ‘ரெஃப்ரெஷ்’ மட்டும் போதும். அதே படிகளில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கொத்தமங்கலத்தின் முதலெழுத்தில் உள்ள ‘ொ’வைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியீடாகவும், சில கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதிக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; பவர் குவெரிக்கு அவை இரண்டு ஊர். ‘ோ’வுக்கும் இதே கதை. ‘ரீப்ளேஸ் வேல்யூஸ்’ போட்டு இவற்றை ஒன்றாக்காவிட்டால் ஒருவரே இருவராகிவிடுவார். முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற வெளிநாட்டு வார்ப்பும் இங்கே பொருந்தாது. ஊர், தலைப்பெழுத்து, பெயர், பழைய மொய், புது மொய் என்று பத்தி பிரிப்பதே நம் வழக்கம்.

சேமித்த வழிமுறை தவறையும் சேர்த்துச் சேமிக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோப்புறை முழுவதையும் இணைக்கும்போது ஒருவர் ‘தொகை’ என்ற தலைப்பை ‘ரூபாய்’ என்று மாற்றியிருந்தால் எச்சரிக்கை வராது; அவருடைய பத்தி வெறுமையாக வந்து நிற்கும். இந்தக் கருவியின் பெரிய குறை இதுதான். ஆகவே ஒவ்வொரு கோப்பின் கூட்டுத்தொகையையும் அச்சடித்துத் தந்த மொத்தத்தோடு ஒப்பிட்டே தீர வேண்டும். நோட்டே போதும் என்பவர்களுக்கும் பதில் உண்டு: நோட்டை ஊர்வாரியாகப் புரட்டித் தேடுவது வீட்டுப் பெரியவரின் நினைவை நம்பிய வேலை, அவருக்குப் பின் யார் தேடுவது?

இப்படிச் சீராக்கிய பட்டியலைப் பிறரும் கேட்கக்கூடும். மேலைநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் நன்கொடையாளர் பட்டியலை வாடகைக்கு எடுப்பதுண்டு. மொய்ப் பட்டியலை அப்படிக் கைமாற்றக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்கு விலக்கு தருகிறது; பிறருக்குக் கைமாற்றுவதை அப்படிச் சொல்ல முடியாது. ஏரி தூர்வாரவோ கும்பாபிஷேகத்துக்கோ நிதி திரட்டுவது நல்ல காரியமே. ஆனாலும் உறவை நம்பிக் கொடுத்த பெயரையும் எண்ணையும் அதற்குத் தருமுன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.