வள்ளம் காயும் நேரமும் சைக்கிள் ஓடும் நேரமும்

வள்ளத்தைக் கரையேற்றிவிட்டால் பழுதுபார்ப்பில் பாதி காத்திருப்பதுதான். அடிப்பக்கத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். பிறகு வெடிப்பில் பைபர் மட் என்னும் கண்ணாடியிழை விரிப்பை வைத்து றெசின் பூசினால் அது இறுகும்வரை பொறுக்க வேண்டும். பாய்ப்படகில் நாடு நாடாகத் திரிவோர் இந்த இடைவெளிகளில் மடக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்புவது வழக்கம். அந்த வழக்கத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டின் கொடிகாமத்தில் வைத்துப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரிகின்றன.

கொடிகாமத்துக்குக் கடல் இல்லை. தெற்கே சில கிலோமீற்றர் தள்ளி, யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையில் கச்சாய் இருக்கிறது. ஆழமில்லாத அந்த நீரில் ஆழ்ந்த அடிக்கட்டை கொண்ட பாய்ப்படகு ஓடாது. மீன்பிடி வள்ளங்கள்தான் ஓடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் பைபர் வள்ளங்கள் பெருகின. கச்சாயில் ஒரு வள்ளத்தைத் திருத்துகிறவர் ஆணிக்கும் பெயின்ற்றுக்கும் ஏ9 வீதியிலுள்ள கொடிகாமச் சந்திக்குத்தான் வர வேண்டும். சாமான் வாங்கப் போகும் சைக்கிள் அப்படியே சந்தையில் மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பும். வேலையும் ஊர்சுற்றலும் இவ்வளவு இயல்பாகக் கலப்பது இந்த வழக்கத்தின் பெரிய பலம். கரையில் வாழ்கிற தொழிலாளிக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை; எண்ணெய்க் கானையும் வலையையும் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நாளும் மிதித்த பாதைதான் இது.

சிக்கல் வெயிலில் இருக்கிறது. உச்சி வெயிலில் றெசின் பூசினால் தூரிகை நகர்வதற்குள் கட்டிபட்டுவிடும்; சூடேறிய உடலில் பெயின்ற்றும் சரியாகப் பரவாது. சைக்கிள் மிதிப்பவருக்கும் அதே வெயில்தான். ஆகவே இரண்டுமே காலையையும் மாலையையும் கேட்கின்றன. தை, மாசியில் இந்தப் போட்டியைப் பனி தீர்த்துவைக்கிறது. விடியலில் வள்ளத்தின் உடல் ஈரமாக இருப்பதால் அதில் கைவைக்க முடியாது. அந்த நேரம் முழுக்கச் சைக்கிளுக்கு. வரணிப் பக்கம் போய் சுட்டிபுரம் அம்மன் கோயிலைக் கும்பிட்டுத் திரும்புவதற்குள் பனி உலர்ந்துவிடும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் இந்த ஒழுங்கு குலைகிறது. காற்று கிளப்பும் புழுதி ஈரப் பெயின்ற்றில் ஒட்டும். கச்சாய்க்குத் திரும்பும் சைக்கிளுக்கோ எதிர்க்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டையுமே நினைக்கக்கூடாது.

நான் கடுமையாகப் பார்க்கும் குறை வேறு. மரத்தில் பிழையாக அடித்த ஆணி கண்ணுக்குத் தெரியும். பைபரில் ஒரு படைக்கு அடியில் அகப்பட்ட காற்றுக்குமிழி அடுத்த படை விழுந்ததும் மறைந்துவிடும். பின்னர் தண்ணீர் புகுந்த பிறகே தெரியும். மட் வைக்கும் நேரத்தில் உடையவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இறுகும் நேரத்தில் எங்கேயும் போகலாம். இந்த வேறுபாடு தெரியாமல் முழு வேலையையும் கூலிக்கு விட்டுவிட்டு ஊர் சுற்றுவது கடலில் உயிரோடு விளையாடுவது.

போகும் திசையிலும் கவனம் வேண்டும். கிழக்கே கிளாலி. யாகப்பர் ஆலயம் உள்ள அந்தக் கரையிலிருந்துதான் போர்க்காலத்தில் சனங்கள் இரவோடிரவாக வள்ளங்களில் கடனீரேரியைக் கடந்தார்கள். பலர் அந்த நீரிலேயே கொல்லப்பட்டார்கள். வள்ளம் வைத்திருப்பவர் அந்த இடத்தை அறியாமல் திரும்பக்கூடாது. ஆனால் பக்கத்து முகமாலை நெடுங்காலம் போர்முனையாக இருந்து கண்ணிவெடிகள் நிறைந்த மண். அங்கே குறுக்குப் பாதையில் இறங்குவது எவ்வளவு சிறிய சுற்றானாலும் தவறு. தார்வீதியை விட்டு விலகக்கூடாது.

அரைநாள் இடைவெளிக்குள் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையை அடக்கப் பார்ப்பவர்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அத்திலாந்திக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. படகைத் தன் கையால் திருத்துகிறவருக்கு இந்தக் குடாநாட்டில் அதைவிட நெருக்கமான ஊர் இல்லை. கடைசிப் பூச்சு முடிந்து, வள்ளத்தை யாரும் தொடக்கூடாத ஒரு முழு நாள் வரும். வல்வெட்டித்துறைக்கு அந்த நாளை ஒதுக்கலாம்.