கையுறை போட்டவரின் கணக்கு

2002ஆம் ஆண்டு. பாஸ்டன் நகரத்து ஜான் எஃப். கென்னடி நூலகத்தில் எலியட் ஸ்பிட்சர் பேச வந்திருந்தார். அப்போது அவர் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல். வால் ஸ்ட்ரீட் அவர் பெயரைக் கேட்டால் கலங்கும். கூட்டத்துக்கு வந்த ஒருவர், அவரிடம் சேர்த்துவிடும்படி ஓர் உறையைக் கொடுத்துவிட்டு, தான் யார் என்றே சொல்லாமல் போய்விட்டார். கைரேகை பதியக் கூடாதென்று உள்ளே இருந்த தாள்களைக் கையுறை போட்டே தொட்டிருந்தார். இப்படி ஒருவரைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதேதான் தோன்றியிருக்கும்.

அவர் ஹாரி மார்க்கோபோலஸ். உறைக்குள் இருந்தது, பிறர் பணத்தை முதலீடு செய்து தருவதாகச் சொன்ன பெர்னார்ட் மேடாஃபின் மோசடி.

1999இல், மேடாஃப் தரும் லாபத்தைப் போலத் தானும் தர வழி கண்டுபிடிக்கச் சொல்லி மார்க்கோபோலஸ் வேலை பார்த்த முதலீட்டு நிறுவனம் அவரிடம் கேட்டது. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் மேடாஃபின் லாபக் கோடு அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் மேலே போய்க்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று: மேடாஃப் சொல்லிக்கொண்ட உத்திக்குத் தேவையான அளவு ஆப்ஷன் ஒப்பந்தங்கள், அதாவது குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள், சந்தையிலேயே இல்லை. 2000 முதல் எஸ்.இ.சி.க்கு, அதாவது நம் செபி போன்ற அமெரிக்க ஆணையத்துக்கு, திரும்பத் திரும்ப எழுதினார். 2008 டிசம்பரில் மேடாஃப் கைதானபோது, முதலீட்டாளர்களின் கணக்குகளில் வெறும் காகிதத்தில் இருந்த தொகை சுமார் 6,500 கோடி டாலர்.

ஆணையம் ஏன் கேட்கவில்லை? மறு ஆண்டு வந்த அதன் உள்விசாரணை அறிக்கை பதில் சொல்கிறது. மார்க்கோபோலஸ் மேடாஃபிடம் வேலை பார்த்தவர் அல்ல, பணம் போட்டவரும் அல்ல. பரிசுத் தொகைக்கு அலைகிறாரோ என்ற சந்தேகம் வேறு. எதிரே இருந்தவரோ நாஸ்டாக் சந்தையின் முன்னாள் தலைவர். ஆக, புகாரை எடைபோடவில்லை, ஆளைத்தான் எடைபோட்டிருக்கிறார்கள். 2006இல் அதிகாரிகள் மேடாஃபிடமிருந்து பங்குகளைக் காப்பில் வைக்கும் டிபாசிட்டரியில் அவரது கணக்கு எண்ணையே வாங்கிவிட்டார்கள். தன் கதை முடிந்தது என்று அவரே நினைத்தாராம். அந்தக் கணக்கில் பங்குகள் இருக்கின்றனவா என்று யாரும் சரிபார்க்கவில்லை.

ஆனால் இப்படிப்பட்டவர்கள்மேல் குத்தப்படும் 'சதிக்கோட்பாட்டுக்காரர்' என்ற முத்திரையை முழுக்கத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. மலைபோல் குவியும் புகார்களில் பெரும்பாலானவை பதர். எதையாவது வைத்துப் புடைத்துத்தான் ஆக வேண்டும். மார்க்கோபோலஸும் லேசான ஆள் இல்லை. துப்பாக்கி வைத்திருந்தார்; காரை எடுக்கும்முன் அடியில் குனிந்து பார்ப்பார். ரஷ்ய மாஃபியா பணமும் போதைக் கும்பல் பணமும் மேடாஃபிடம் இருப்பதாக 2009இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார். அது நிரூபணமாகவில்லை. ஆப்ஷன் கணக்கும் மாஃபியா ஊகமும் வந்தது ஒரே வாயிலிருந்து.

முத்திரையின் கோளாறு இங்கேதான். அது ஆள்மேல் குத்தப்படுவதால் சொன்னதெல்லாம் மொத்தமாகத் தள்ளுபடியாகிறது. மாஃபியா ஊகத்தைச் சோதிக்க வழியில்லை. ஆப்ஷன் கணக்கைச் சோதிக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிற புகார் ஒரு ஜாதி. பார்த்து ஒன்றும் கிடைக்காவிட்டால் 'மறைத்துவிட்டார்கள், அதுவே சாட்சி' என்கிற புகார் வேறு ஜாதி. மேடாஃப் பற்றிய புகார் முதல் வகை என்பதை அறிய மார்க்கோபோலஸின் மனநிலையை ஆராய வேண்டியதே இல்லை.

'மேடாஃபை முதலில் கண்டுபிடித்தவர்' என்பதும் முத்திரைதான். இது தங்க முத்திரை. 2019 ஆகஸ்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் 3,800 கோடி டாலர் மோசடி செய்திருப்பதாக 175 பக்க அறிக்கை விட்டார் மார்க்கோபோலஸ். பங்கு விலை அன்றே 11 சதவீதம் விழுந்தது. அத்தனை பக்கங்களையும் படித்துவிட்டா விற்றிருப்பார்கள்? விலை விழுந்தால் லாபம் பார்க்கும் ஒரு ஹெட்ஜ் ஃபண்டுடன், அந்த லாபத்தில் பங்கு பெறும் ஒப்பந்தம் அவருக்கு இருந்தது. அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியும் இருந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவர் லாரி கல்ப், இது சந்தையை ஆட்டும் வேலை என்று சொல்லி, சுமார் 20 லட்சம் டாலருக்குத் தன் நிறுவனப் பங்குகளையே வாங்கினார்.

3,800 கோடி டாலர் மோசடி நிரூபிக்கப்படவில்லை. ஆனால் 2020 டிசம்பரில், மின்னுற்பத்தி, காப்பீட்டுப் பிரிவுகளின் நிலைமையை முதலீட்டாளர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்ற எஸ்.இ.சி.யின் குற்றச்சாட்டில், குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும் ஜெனரல் எலெக்ட்ரிக் 20 கோடி டாலர் அபராதம் கட்டியது. அந்த 175 பக்கங்களில் காப்பீட்டுப் பிரிவும் இருந்தது.