திருவக்கரையில் ஒரு ‘ஒன்லி’

‘அட்வெர்ப் என்பது வினையை விளக்கும் சொல்’ என்றுதான் நமக்கெல்லாம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த இலக்கணம் எவ்வளவு போதாதது என்பதற்கு விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்தே உதாரணம் எடுக்கலாம். அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அதைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன்.

ஒன்லி ஃபாசில் லாக்ஸ் ஆர் ஃபவுண்ட் ஹியர்.
ஃபாசில் லாக்ஸ் ஆர் ஃபவுண்ட் ஒன்லி ஹியர்.
ஃபாசில் லாக்ஸ் ஆர் ஒன்லி ஃபவுண்ட் ஹியர்.

சொற்கள் எல்லாம் அதேதான். ‘ஒன்லி’ மட்டும் இடம் மாறுகிறது. முதல் வாக்கியம், அடிமரங்கள் மட்டுமே இங்கே கிடைக்கின்றன என்கிறது. வேரோ கிளையோ இல்லை என்று அதற்குப் பொருள். அதனால்தான் இந்த மரங்கள் இங்கே வளர்ந்தவை அல்ல, கல்லாகும் முன்பே வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்று நிலவியலாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். இரண்டாவது வாக்கியமோ சுத்தப் பொய். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறதே! திருவக்கரையைவிடப் பல கோடி ஆண்டு பழசு அது.

சிக்கல் மூன்றாவதில். பேசும்போது ‘ஹியர்’ என்பதை அழுத்தினால் ‘இங்கே மட்டும்’. ‘ஃபவுண்ட்’ என்பதை அழுத்தினால் ‘கிடைத்தது மட்டும்தான் இங்கே, வளர்ந்தது வேறெங்கோ’. எழுத்தில் அழுத்தம் தெரியாது. தமிழிலோ ‘மட்டும்’, ‘தான்’, ‘ஏ’ எல்லாம் தாங்கள் குறிக்கும் சொல்லை ஒட்டியே நிற்கும். ஆகவே மொழிபெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அதற்கு இலக்கணம் போதாது, கல்மரம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும்.

‘அபவுட்’ இன்னொன்று. ‘அபவுட் 20 மில்லியன் இயர்ஸ்’ என்பதில் அதை விட்டுவிட்டு ‘2 கோடி ஆண்டு’ என்று எழுதினால், தோராயம் துல்லியமாகிவிடுகிறது. பழைய அருங்காட்சியகக் காவலாளி ஜோக் தெரியும்தானே? “இந்த எலும்புக்கு 2 கோடியே 5 வருஷம் ஆச்சு சார். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப 2 கோடின்னாங்க!” அதே கதைதான்.

‘ப்ராபப்ளி’யை விட்டால் இன்னும் மோசம். ஒருவரின் ஊகம், சத்தமில்லாமல் உண்மையாகிவிடும்.

இவற்றை வெறும் ஒட்டுச்சொல் என்று தள்ளுகிறவர்கள் தொல்காப்பியத்தைப் புரட்டலாம். இடைச்சொல்லுக்கு அதில் தனி இயலே உண்டு. ‘உம்’ ஒன்றுக்கே எட்டுப் பொருள். நம் ஆட்களுக்கு இது புதுசு இல்லை. மறந்துதான் போச்சு.