மேசையும் மேஸாவும்: என் பழைய பதிவுக்கு ஒரு மறுப்பு

நான் எழுதியதிலேயே அதிகம் பரவியது ‘சுவாகிலியில் தமிழ்’ என்ற பதிவுதான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே அது இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டது, என் பெயர் இல்லாமல், கடைசியில் நான் எழுதாத ஒரு ‘தமிழன்டா’ சேர்ந்து. அந்தப் பதிவு தப்பு. எங்கே தப்பு என்று ஒழுங்காகச் சொல்லிவிடுவது என் கடமை.

அதில் நான் செய்தது இதுதான். ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி, தமிழ்ச் சொற்களையும் சுவாகிலிச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை இன்னொன்றாக மாற்ற எத்தனை ஒலியைத் தொட வேண்டும் என்று எண்ணச் சொன்னேன். எண் குறைந்தால் உறவு நெருக்கம். எடிட் டிஸ்டன்ஸ் என்று நம் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேசை – மேஸா. வக்கீல் – வகீலி. தயார் – தயாரி. பார்த்ததும் புல்லரித்துவிட்டது. புல்லரித்தால் உடனே பதிவு போடக் கூடாது என்பது அப்போது தெரியவில்லை.

மேசை நமக்குப் போர்த்துக்கீசியர் கொடுத்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் அவர்களே கொடுத்தார்கள். வக்கீல் அரபுச் சொல். தயார் நமக்கு உருது வழியாக வந்தது. சுவாகிலிக்கு அதே கடல் வணிகம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆக என் டேபிள் காட்டியது இரண்டு மொழிகளின் உறவை அல்ல, இரண்டு துறைமுகங்களுக்கும் வந்துபோன கப்பல்களை.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரோமோ. எத்தியோப்பியாவிலும் வட கென்யாவிலும் பேசப்படும் மொழி. எத்தியோப்பிய–கென்ய எல்லையிலுள்ள மொயாலே என்ற ஊரில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரோமோ பேசுகிறார்கள். கென்யப் பக்கத்தில் பள்ளியில் சுவாகிலியும் படிக்கிறார்கள். ஓசூர்க்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சரி, பக்கத்து மொழிதானே, இதையும் ப்ரோக்ராமில் போடுவோம் என்று போட்டேன். முதலில் வந்து நின்றது புத்தகம்: ஒரோமோவில் கிதாபா, சுவாகிலியில் கிதாபு. ‘இரண்டும் ஆப்பிரிக்க மொழி, ஒத்துப்போகத்தானே செய்யும்’ என்று தோன்றியது. ஆனால் கிதாப் என்று நம்மூர் உருதுக்காரர்களும்தான் சொல்கிறார்கள். இதுவும் அரபுதான்.

கடன் வாங்கிய சொல்லை இரண்டு மொழிகளும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. சுவாகிலியில் பெயர்ச்சொற்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிந்திருக்கும்; வகுப்பைக் காட்டும் ஒட்டு சொல்லுக்கு முன்னால் வரும். ‘கி’ என்று தொடங்கினால் ஒருமை, ‘வி’ என்றால் பன்மை. அரபிலிருந்து வந்த கிதாபில் இருக்கும் ‘கி’ ஒட்டே அல்ல, வேரின் பகுதி. சுவாகிலி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கிதாபு ஒன்று என்றால் விதாபு பல. கூட வரும் எண்ணுப்பெயரும் அதே ஒட்டைப் போட்டுக்கொள்ளும்: கிதாபு கிமோஜா, விதாபு விவிலி. ஒரோமோவோ நம்மைப் போல வாலில் ஒட்டும்: கிதாபா, கிதாபோதா. ‘அவன் புத்தகம் வாங்கினான்’ என்பது ஒரோமோவில் ‘இன்னி கிதாபா பித்தே’. அவன், புத்தகம், வாங்கினான் – அதே வரிசை. சுவாகிலியில் ‘அலினுனுவா கிதாபு’. அவன், இறந்தகாலம், வாங்கு மூன்றும் ஒரே சொல்லுக்குள், புத்தகம் அப்புறம்.

இந்த இடத்தில் என்னைப் போன்ற ஆள் அடுத்த குழியில் விழுவான்: ‘அப்படியானால் ஒரோமோதான் தமிழுக்கு உறவு!’ இல்லை. வினை கடைசியில் வரும் மொழிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஜப்பானியமும் துருக்கியும் அப்படித்தான். ஒரோமோவின் சொந்தக்காரர்கள் யார் என்று அதன் எண்களைக் கேட்டால் சொல்லும். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து: ஒரோமோவில் லமா, சதீ, அஃபுர், ஷன், சோமாலியில் லபா, சத்தெஹ், அஃபர், ஷன். நாக்கு அர்ரபா – அர்ரப். வாய் அஃபான் – அஃப். பல் இல்கான் – இல்கோ. நாக்கையும் பல்லையும் யாரும் கப்பலில் இறக்குமதி செய்வதில்லை. இந்த இரண்டும் குஷைட் கிளை. அந்தக் கிளை அரபு இருக்கும் ஆஃப்ரோ-ஆசிய மரத்தைச் சேர்ந்தது. சுவாகிலி பாண்டு மொழி. ஆள் என்பதற்கு சுவாகிலியில் ம்து, சூலுவில் உமுந்து, லிங்காலாவில் மோதோ. பன்மையில் வாது, அபாந்து, பாதோ. அதன் வீடு அந்தப் பக்கம்.

இப்போது வேடிக்கையைக் கவனியுங்கள். அரபுக்குத் தூரத்து ரத்த உறவு ஒரோமோ. ஆனால் என் ப்ரோக்ராமில் அரபுக்கு நெருக்கமாகத் தெரிந்தது சுவாகிலி. ஆறு, ஏழு, ஒன்பது என்ற எண்களையே அது அரபிலிருந்துதான் வாங்கியிருக்கிறது: சிதா, சபா, திசா. பங்காளி தூரத்தில் நிற்கிறான், பக்கத்து வீட்டுக்காரன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். ப்ரோக்ராம் கூடத்தில் இருப்பவனைப் பங்காளி என்று எழுதிக்கொண்டது. (இரண்டு மொழிக்காரர்களும் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், நம்முடைய காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. நாழிகைக் கணக்கு வைத்திருந்த நமக்கும் அது புதிதல்ல. இதையும் ஒருவர் உறவுக்குச் சான்றாக எழுதாமல் இருக்கவேண்டும்.)

நான் மட்டும் விழுந்த குழியும் அல்ல இது. கவிஞரும் செனகலின் முதல் குடியரசுத் தலைவருமான செங்கோர் திராவிட–ஆப்பிரிக்க உறவில் ஆர்வம் காட்டினார். எழுபதுகளில் க.ப. அறவாணன், யு.பி. உபாத்யாயா போன்றவர்கள் அந்த ஒப்பாய்வில் உழைத்தார்கள். ஆப்பிரிக்காவை நேராகப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஐரோப்பா வழியாகவே எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய நமக்கு அது பெரிய விஷயம். ஆனால் உபாத்யாயா தம் துணைவியாரோடு எழுதிய நூலின் தலைப்பிலேயே சிக்கல் இருக்கிறது: திராவிடமும் ‘நீக்ரோ-ஆப்பிரிக்க’மும். அப்படி ஒரு மொழி கிடையாது. ஒரோமோவும் சுவாகிலியும் ஒரே கண்டத்தில், ஒரே நாட்டுக்குள்கூட, உறவில்லாமல் இருக்கின்றன. கண்டத்தின் பெயரைக் கூடை ஆக்கி, அதிலிருந்து எந்த மொழியின் சொல்லை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் தமிழுக்கு ஜோடி எப்போதும் கிடைக்கும். கால்டுவெல்லும் இதற்குத் தப்பவில்லை. 1856 நூலில் திராவிட மொழிகளுக்குள் அவர் காட்டிய உறவு நின்றது. அதே நூலில் திராவிடத்தைச் ‘சித்திய’ மொழிகளோடு சேர்த்தது நிற்கவில்லை.

உள்ளே நின்றது ஏன்? அதற்கு ஓசூரை விட்டு வெளியே போக வேண்டாம். ஊர்ப் பெயரே போதும். ஹொஸ + ஊரு, கன்னடத்தில் புதிய ஊர். ஹொஸ என்பது பழங்கன்னடத்தில் பொஸ. நம் ‘புது’வின் உடன்பிறப்பு. பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி, பத்து – ஹத்து, பூ – ஹூ. எங்கள் கம்பெனி பஸ்ஸில் தினமும் காதில் விழுகிற சொற்கள். பால், ஹாலு ஆக இரண்டு ஒலியைத் தொட வேண்டும். மேசை, மேஸா ஆகவும் இரண்டு. தயார், தயாரி ஆக ஒன்றே ஒன்று. என் ப்ரோக்ராமுக்குக் கன்னடத்தைவிட சுவாகிலி நெருக்கம்! அதற்குத் தெரியாதது, ப போன இடத்திலெல்லாம் ஹ வந்திருக்கிறது என்ற ஒழுங்கு. ஒரு ஜோடி எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது கேள்வியே அல்ல. வித்தியாசம் ஐம்பது ஜோடியிலும் ஒரே மாதிரி வருகிறதா என்பதுதான் கேள்வி.

இதில் தமிழ் மூத்தது, கன்னடம் மாறியது. உடனே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். செவி – கிவி, சேரி – கேரி, சில – கெலவு, செம்மை – கெம்பு. இங்கே கன்னடத்தின் ‘க’தான் பழசு, மாறியது நாம். இ, ஈ, எ, ஏ முன்னால் ‘க’ தமிழில் ‘ச’ ஆனது. அப்படியானால் கிளி, கேள், கெடு, கீழ் ஏன் தப்பின? நாக்கு மடங்கும் ள, ட, ழ அடுத்து வந்தால் தமிழ் மாற்றாது. தெலுங்கு இந்த விலக்கையும் மதிக்கவில்லை. நம் கெடு அங்கே செடு, கிளி அங்கே சிலுக. இதைக் கண்டுகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எக்ஸெப்ஷனுக்கும் ஒரு ரூல் இருக்கும் சிஸ்டம் வேறு எங்கே கிடைக்கும்?

பால் விஷயத்தில் தமிழ் பழசு, செவி விஷயத்தில் கன்னடம் பழசு என்றால் ஒன்று இன்னொன்றுக்குத் தாயாக இருக்க முடியாது. 2025-இல் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் பேசப்போய் ‘தக் லைஃப்’ கர்நாடகத்தில் வெளியாகவே இல்லை. அந்த வாரம் எங்கள் பஸ்ஸில் இரண்டு பக்கமும் பேச்சு தடித்தது. அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிற நான் வாயைத் திறக்கவில்லை. மேசை–மேஸா என்று எழுதியவன் எந்த முகத்தோடு திறப்பது?

பழைய பதிவை நீக்கவில்லை. மேலே ‘இது தவறு’ என்று ஒரு வரி போட்டு, இங்கே வர இணைப்புக் கொடுத்திருக்கிறேன். ப்ரோக்ராமையும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்; இப்போது அது ஒலி ஒற்றுமையை எண்ணாது, திரும்பத் திரும்ப வரும் மாற்றத்தை எண்ணும். பொருந்தாத சொற்களுக்கு ஒரு தனிப் பத்தியும் வைத்திருக்கிறேன். அதில் முதல் சொல், எங்கள் தெருத் தெலுங்குக்காரர்கள் ‘புது’வுக்குச் சொல்லும் ‘கொத்த’.