வேடமா, மரபா?

மாமல்லபுரத்து அருச்சுனன் தபசுப் பாறையில் பூனையொன்று முன்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரிகிறது, அருகே எலிகள். அப்பூனைக்கு வேடமும் உண்டு, வேடத்தின் பின்னே எண்ணமும் உண்டு. அதே சொல்லை வண்ணத்துப்பூச்சிக்கும் சூட்டலாமா என்ற கேள்வி, வண்ணத்துப்பூச்சிகளின் போலித்தோற்றம் குறித்து ஆர். சி. புன்னெட் 1915இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் படிக்கையில் எழுகிறது.

நூலின் நாயகி நமக்கு அயலாள் அல்லள். செங்கல்பட்டு வட்டாரத் தோட்டங்களில் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் கரிய 'காமன் மார்மன்'தான். ஆண்களுக்கெல்லாம் ஒரே சாயல். பின்சிறகில் வெண்புள்ளி வரிசை. பெண்களோ மூவகை. ஒருவகை ஆணையே ஒத்திருக்கும். மற்ற இருவகையும், புழுப்பருவத்தில் ஈசுவரமூலி இனக் கொடிகளைத் தின்று நஞ்சேறிய 'காமன் ரோஸ்', 'கிரிம்சன் ரோஸ்' ஆகியவற்றின் சிவப்பையும் வெள்ளையையும் சிறகில் கொண்டு பறவைகளிடமிருந்து தப்பும். (உற்றுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: நஞ்சுடையவற்றின் உடலில் சிவப்பு உண்டு, இவற்றின் உடலோ கறுப்பு.)

இலங்கையில் ஃபிரையர் இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து 1913இல் வெளியிட்ட கணக்கே புன்னெட்டின் அடித்தளம். துறவி மெண்டல் மடத்துத் தோட்டத்துப் பட்டாணியில் கண்ட விதி இங்கும் செல்லுபடியாயிற்று. சாயல்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கவில்லை. தான் வெளிக்காட்டாத சாயலையும் ஆண்பூச்சி தன் மகளுக்குக் கொடுத்தது. ஆகவே இவ்வடிவம் சிறுகச் சிறுகத் திருத்தப்பட்டதன்று, ஒரே பாய்ச்சலில் வந்தது என்றார் புன்னெட்.

கண்டதைத் தெளிவாக எழுதியவர் முடிவில் அவசரப்பட்டுவிட்டார். ஒரே அலகாகக் கைமாறுவதனாலேயே ஒன்று ஒரே நாளில் உண்டானதாகிவிடாது. 1927இல் ஆர். ஏ. ஃபிஷர் இவ்வழியில்தான் அவரை மறுத்தார். 2014இல் பெங்களூர்த் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ ஆய்வாளர்களும், இச்சாயல்களை ஆள்வது 'டபுள்செக்ஸ்' என்னும் ஒரே மரபணு எனக் காட்டினர். பூச்சிகளில் ஆண் பெண் உடலமைப்பை வேறுபடுத்துவதும் அதுவே. போலிச்சாயல் தரும் அதன் வடிவத்தில் மாற்றங்கள் பல திரண்டுள்ளன. குரோமோசோமின் அத்துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதால் அவை சிதறாமல் ஒன்றாகவே பிள்ளைகளுக்குச் செல்கின்றன. ஒரே அலகு என்பதில் புன்னெட் வென்றார். ஒரே பாய்ச்சல் என்பது நிலைக்கவில்லை.

வேடம் என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. தந்தை வழியாகவும் வந்திருக்கக்கூடிய சிறகோடு பறப்பவளைத் தவப்பூனைக்கு அருகே நிறுத்துவது அநியாயம். இந்த ஒரு பூச்சியைப் பற்றிய அதிகாரத்தை முதலில் படித்து, கோட்பாட்டு வாதங்களைப் பிறகு எடுத்துக்கொள்வோருக்கு இந்நூல் இன்றும் பயன்படும்.