இரண்டு ஆயாக்கள்

வட ஆர்க்காட்டுப் பேச்சில் பாட்டிக்கு ஆயா என்று பெயர். பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் கூட்டிப் பெருக்கி, பீ மூத்திரம் அள்ளுகிற பெண்ணுக்கும் ஆயா என்றுதான் பெயர். முதல் ஆயா, ‘ஆய்’ என்ற தாய்ச்சொல்லின் வழி வந்தவள். இரண்டாமவள் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து, துரைமார் வீடுகள் வழியாக, கூலிக்காரியாக வந்தவள். திருப்பத்தூரில், ஜவ்வாது மலையடிவாரத்துச் சிறிய முதியோர் இல்லத்தில் இந்த இரண்டு ஆயாக்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். ஒருத்தி கட்டிலில். இன்னொருத்தி கட்டிலுக்கு அருகில், கையில் வாளியோடு. முதுமையைப் பற்றி இவ்வளவு கண்ணீர் சிந்தியிருக்கும் நம் திரைக்கதைகள் இந்த இருவரில் ஒருத்தியையாவது நேராகப் பார்த்தனவா என்பதே என் கேள்வி.

முதுமையை மையமாக வைத்த தமிழ்ப் படங்களை எண்ணிப் பாருங்கள். ‘வியட்நாம் வீடு’ (1970), பணி ஓய்வுபெற்ற தந்தையின் வீழ்ச்சி. பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ (1989), மனைவியை இழந்து நகரத்துக்கு வரும் கிழவரின் கதை. முதியோர் இல்லத்தை மிகையின்றிக் காட்டிய படம் அது. ‘ப. பாண்டி’ (2017), வீட்டைவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பும் தந்தை. தலைக்கூத்தல் வழக்கத்தைப் பேசிய ‘கே.டி. (எ) கருப்புதுரை’ (2019), ‘பாரம்’ (2020), ‘தலைக்கூத்தல்’ (2023) மூன்றிலும் சாகக் கிடப்பவர், சாவிலிருந்து தப்பி ஓடுபவர் எல்லோரும் ஆண்களே. இவற்றுள் ‘கே.டி.’யை மதுமிதாவும் ‘பாரம்’ படத்தைப் பிரியா கிருஷ்ணசுவாமியும் இயக்கினார்கள். பெண் இயக்குநர்களின் கையிலும் முதுமை ஆண் உருவத்தில்தான் வருகிறது. ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ (1988) மனோரமாவை மறக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டி வீட்டைக் காப்பவள். அவளைக் காப்பது யார் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

இந்தப் படங்களில் பல நல்ல படங்கள். என் குறை அவற்றின் தரத்தைப் பற்றியதல்ல, அவை தேர்ந்துகொண்ட சோகத்தைப் பற்றியது. கைவிடப்பட்ட தந்தை என்பவர் அரியணை இழந்த அரசர். சம்பளமோ வீட்டுப் பத்திரமோ சொல்லுக்கு மதிப்போ ஒருகாலத்தில் அவரிடம் இருந்தது, போயிற்று. அந்தச் சரிவு கதையாகிறது. ஒருநாளும் அரியணையில் உட்காராதவளின் முதுமையில் சரிவு ஏது? அறுபது ஆண்டுகள் அடுப்படியிலும் வயலிலும் உழைத்து, எதுவும் தன் பெயரில் இல்லாமல் முடிகிறவளின் கதைக்கு நம்மிடம் வடிவம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் பெண்கள் சுமார் 5.3 கோடி, ஆண்கள் 5.1 கோடி. எண்ணிக்கையில் அவர்கள் அதிகம், திரையில் அவர்கள் இல்லை.

மாணவிகளோடு நான் போய்வரும் இல்லத்திலும் பெண்களே அதிகம். காலையில் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டல், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, கஞ்சி, துணி மாற்றல், மதியச் சோறு, நடக்க முடிந்தவர்களுக்கு வேப்பமர நிழல். 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையை வாங்கப் போனால் சிலருடைய விரலைக் கருவி ஏற்பதில்லை. பாத்திரம் தேய்த்தும் களை பிடுங்கியும் ரேகை தேய்ந்துவிட்டது. உழைத்ததற்கு இருந்த ஒரே சாட்சியை உழைப்பே அழித்திருக்கிறது.

கைவிடப்பட்டவர்கள் என்று நாம் இரங்குகிற அவர்களில் ஓர் ஆயா, தட்டில் போட்ட சோறு தன்முன் வந்து நிற்பது வாழ்க்கையிலேயே இங்குதான் என்றார். அதில் புகாரும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. ‘மகன் துரத்திவிட்டான்’ என்ற கதைக்குள் இந்த வாக்கியத்தை எங்கே வைப்பது? வீடு என்பது சோறு கிடைக்கும் இடம் என்பது ஆண்களின் அனுபவம். அவருக்கு வீடு சோறு போடும் இடமாக மட்டுமே இருந்தது.

இதைக் கேட்டதும் மகிழ்ந்துவிடத் தோன்றும். ஆனால் அந்தத் தட்டை நீட்டுவது இரண்டாவது ஆயாவின் கை. கணவனைப் பிரிந்தோ இழந்தோ வேலைக்கு வந்தவர்கள், மலைக் கிராமங்களிலிருந்து பேருந்தில் இறங்கி வருகிறவர்கள். புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, விழுங்க முடியாதவருக்குப் புரையேறாமல் ஊட்டுவது, இரவில் பெயர் மறந்து அழுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் கற்றுத் தேர்ந்த திறன்கள். அவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘தாயுள்ளம்’. தாயுள்ளத்துக்குச் சம்பள உயர்வு கேட்க முடியாது.

சேவை என்ற சொல்லுக்குத் திருப்பத்தூரில் நீண்ட வரலாறு உண்டு. 1921இல் சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் இங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். மணம் செய்துகொள்ளாமல் நோயாளிகளுக்காக வாழ்ந்த அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று மக்கள் அழைத்தார்கள். அந்த மரியாதை நியாயமானது. ஆனால் குடும்பத்தை விட்டுச் சேவைக்கு வரும் ஆணுக்குத் துறவி என்ற பெயர் காத்திருக்கிறது. குடும்பத்தால் விடப்பட்டு அதே வேலைக்கு வரும் பெண் ஆயாவாகவே இருக்கிறாள்.

சட்டத்தின் மொழியிலும் அவள் இல்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பராமரிப்பு என்பதை உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று விளக்குகிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவில் இல்லம் அமைக்கலாம் என்கிறது. உணவை ஊட்டும் கைக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுவீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்களுக்கும் ‘மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்’ என்றே பெயர். தன்னார்வலர் என்று சொன்னபிறகு தருவது ஊதியம் ஆகாது, ஊக்கத்தொகைதான்.

அன்பைக் கூலிக் கணக்காக்கலாமா என்று கேட்பார்கள். அன்பு அங்கே இருக்கிறது, பார்த்திருக்கிறேன். ஆனால் முதுகு வலியும் இருக்கிறது, மாதக் கடைசியும் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட மறுப்பது அன்பைக் காப்பாற்றுவதல்ல, நன்கொடை தருகிறவர்களின் மனநிறைவைக் காப்பாற்றுவது. அவளுக்குச் சம்பளம், வார விடுப்பு, வருங்கால வைப்புநிதி, பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்பது இரக்கமற்ற பேச்சல்ல. இருபது ஆண்டுகள் கழித்து அவளும் முதிர்வாள். அன்று கட்டிலில் படுக்க அவளுக்கு உரிமையாக என்ன இருக்கும் என்பதை இன்றைய சம்பளப் பதிவேடுதான் சொல்லும்.

முதியோர் இல்லத்தைப் பற்றி இனி எழுதுகிறவர்கள், மகன் ஏன் வரவில்லை என்ற கேள்வியைக் கொஞ்சகாலம் ஒத்திப்போடலாம். இராத்திரிப் பணியில் யார் இருந்தாள், அவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டால் போதும். இரண்டு ஆயாக்களின் கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.