மேல்தளத்துக் காமிரா

போட்டோ எடுப்பது எந்திரத்தின் வேலை, அதில் கலை எங்கே வந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேட்டவர்கள் பலர். நல்ல படங்களை மட்டும் காட்டி அவர்கள் வாயை யாரும் அடைத்துவிடவில்லை. நியூயார்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1902இல் ஒரு குழுவைக் கட்டினார். 1903இல் ‘காமிரா ஒர்க்’ என்ற பத்திரிகை. 1905இல் ஒரு காட்சிக்கூடம். போட்டோக்கள் தொங்கிய அந்தக் கூடத்திலேயே ரோடினும் மத்தீஸும் வந்தார்கள். பத்திரிகை, கூடம், கூட்டாளிகள், குடும்பச் சொத்து எல்லாம் சேர்ந்துதான் ‘கலைஞன்’ என்ற அடையாளம் கட்டமைக்கப்பட்டது. திறமை இல்லேன்னு நான் சொல்லல. திறமை மட்டும் போதாதுங்கிறேன்.

அவருடைய புகழ்பெற்ற படம் ‘தி ஸ்டீரேஜ்’. 1907இல் ஐரோப்பா போகும் கப்பலில் அவர் முதல் வகுப்புப் பயணி. மேலேயிருந்து கீழ்த்தளத்து ஏழைகளை எடுத்தார். பின்னாளில் அதைப் பற்றி எழுதியபோது வட்டத் தொப்பி, சாய்ந்த புகைபோக்கி, படிக்கட்டு என வடிவங்களை அடுக்கினார். அந்த மக்களோடு சேர்ந்துவிட ஏங்கியதாகவும் எழுதினார். ஏக்கம் சரி, காமிரா நின்ற இடம் மேல்தளம்தானே? சேரியிலிருந்து பார்க்கிற எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்த உயரம்தான்.

1936இல் கலிபோர்னியாவில், அரசாங்க வேலையாகப் போன டொரோதியா லாங்கே பட்டாணி பறிக்க வந்த கூலித் தாய் ஒருத்தியை எடுத்தார். படம் உலகம் சுற்றியது. லாங்கே இறந்த மறு வருடம், 1966இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்கெனத் தனிக் கண்காட்சியே வைத்தது. அந்தத் தாயின் பேரைக் கேட்கவில்லை என்று லாங்கேயே எழுதியிருக்கிறார். புளோரன்ஸ் தாம்சன், செரோக்கி பழங்குடிப் பெண் என்று ஊருக்குத் தெரிய 1978 ஆயிற்று. நாற்பத்திரண்டு வருசம்! படம் எடுத்தவருக்குப் பேர். படத்தில் இருந்தவளுக்கு ‘தாய்’ங்கிற பொதுப்பேர்.

இப்படித்தான் நடக்கணும்னு விதி ஒண்ணும் இல்லை. கறுப்பினத்தவரான கார்டன் பார்க்ஸ் 1942இல் வாஷிங்டன் அரசாங்கக் கட்டடத்தைப் பெருக்கித் துடைத்த எல்லா வாட்சனை, அமெரிக்கக் கொடியின் முன்னால் துடைப்பத்தோடு நிறுத்தி எடுத்தார். அதோடு விடவில்லை. அவளுடைய வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போனார், வாழ்க்கையைக் கேட்டார். 1948இல் ‘லைப்’ பத்திரிகையின் முதல் கறுப்பினப் புகைப்படக்காரர் ஆனார். அவருக்கும் பேர் கிடைத்தது. எல்லா வாட்சனின் பேரும் நிலைத்தது.

போட்டோக்காரன் கலைஞனாவதில் எனக்கு வருத்தமில்லை. படத்துக்கு அடியில் யார் பேர் இருக்கு, யார் பேர் விட்டுப்போச்சு? அழகியல் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.